கன்றுக்குப் போட்ட கோட்

இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு மேலே, மலையடியில், தபால் கந்தோரில் வேலைசெய்யும் முதலாளி சனி ஞாயிறில் மட்டும் எட்டிப்பார்க்கிற சின்ன மாட்டுக்கொட்டில். தகரக் கூரையில் தை மாத மழை இரைகிறது. மாடுகளைப் பார்க்கிற கொட்வின் ஈரப் புல்லை விலக்கி, காய்ந்ததைத் தேடி உதறுகிறான். கன்று ஈன்ற செவலைப் பசு நேற்றிலிருந்து எதிலும் வாய் வைக்கவில்லை. பஸ்ஸால் இறங்கி நனைந்து வருகிற அவன் மனைவி மெற்றில்டாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் கலன். நகரத்தில், பல்லரோ சந்தைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சேர்த்த, அரிசி கழுவிய தண்ணீர். வாளியில் ஊற்றி, உப்பும் தவிடும் கலந்து நீட்டுகிறாள். பசு மணந்து பார்த்து முகத்தைத் திருப்புகிறது. "குடியம்மா, உன்ரை பிள்ளைக்குப் பால் வேணுமெல்லே." விரலைக் கழுநீரில் நனைத்து அதன் வாய்க்குள் வைக்கிறாள். நாக்கு சுழல்கிறது. பிறகு முகம் முழுக்க வாளிக்குள் போகிறது. உறிஞ்சுகிற சத்தம் மழையை மீறிக் கேட்கிறது. மெற்றில்டா சிரித்தபடி திரும்புகிறாள். மூலையில் சுருண்டு கிடக்கும் கன்றின் முதுகில், பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்கு அவள் அவனுக்கு வாங்கிக்கொடுத்த புதுக் கோட். கொட்வின் மெல்லிய சட்டையோடு விறைத்துப்போய் நிற்கிறான். "உங்களுக்கென்ன விசரே?" என்றபடி குனிந்து, கன்றின் நெஞ்சுக்குக் கீழே கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறாள். "போட்டதுதான் போட்டியள், தெறியைப் பூட்டிவிடத் தெரியாதே?"