அரசியின் பட்டினி

“என் மாடு திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேன். நீங்களும் குடிக்கக் கூடாது!”

மர மாளிகையின் வாசலில், நட்டநடுவே, கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தாள் அரசி லாசரீனா. புறப்படத் தயாராக நின்ற மன்னர் ஆர்ட்கல், குதிரையின் பிடரியில் வைத்த கையை எடுக்காமல் விழித்தார்.

நீதிமான் ஃப்ளான் தலையில் கைவைத்துக்கொண்டார். பதவிக்கு வந்து அவருக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. குறையுள்ளவர் எதிராளியின் வாசலில் பட்டினி அமர்ந்தால், வழக்குத் தீரும்வரை எதிராளியும் உண்ணலாகாது. மீறி உண்பவன் மன்னனே ஆனாலும் மானமிழந்தவன். அயர்லாந்தின் மலைகளைப் போலப் பழைய சட்டம் அது. ஆனால் மன்னர்மேல் அவர் மனைவியே பட்டினி அமர்ந்ததாக ஃப்ளான் எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

அதுவும் இன்றைக்கா!

ஷானன் ஆற்றுக்கு அக்கரையில் கற்கோட்டை கட்டி அமர்ந்துவிட்ட அந்நியப் பிரபு, சமாதான விருந்துக்கு அழைத்திருந்தான். அழைத்துப்போக வந்த தூதன் கில்பர்ட் பக்கத்திலேயே நின்றான். போன வசந்தத்தில் இப்படியொரு விருந்துக்குப் போன அண்டை நாட்டு மன்னரின் குதிரை மட்டுமே வீடு திரும்பியது. போக மறுத்தாலோ, அவமதித்துவிட்டதாகச் சொல்லிக் கவச வீரர்கள் ஆற்றைக் கடந்துவிடுவார்கள். ஓட்ஸ் கதிரோ இன்னும் அறுபடாமல் வயலில் நிற்கிறது. மூன்று நாளாக ஃப்ளான் கெஞ்சியும், போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் மன்னர்.

“எந்த மாடு?” என்று கேட்டார் ஆர்ட்கல்.

“எந்த மாடா! எங்கப்பா எனக்குன்னு குடுத்த செங்காதி. உங்களைப் பாடின புலவருக்கு, என்னை ஒரு வார்த்தை கேக்காம ஓட்டிவிட்டீங்களே, அந்த மாடு.”

“அடியே, அது நடந்து மூணு வருஷம் ஆச்சு!”

“ஆகட்டும். எனக்கு இன்னும் ஆறலை.”

“என்னை வல்லூறுன்னு பாடினாரு. வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?”

“வல்லூறாம்! கோழிக்கூட்டைத் திறக்கத் தெரியாத வல்லூறு. உங்களைப் பாடினா உங்க மாட்டைக் குடுக்கணும். அந்தப் பாட்டுல என்னைப் பத்தி அரை வார்த்தை உண்டா?”

கூடியிருந்தவர்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். கில்பர்ட் வாயைப் பொத்தவில்லை.

மன்னர் போகக் கூடாது என்பதுதான் ஃப்ளானின் ஆசை. ஆனாலும் கற்ற சட்டம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. “அரசே, ‘திரும்பி வந்ததும் தீத்துவெக்கிறேன்’னு ஒரு பிணை குடுத்தாப் போதும். அம்மா எந்திரிச்சிருவாங்க. நீங்களும் போகலாம்.”

“பிணையா? தப்புப் பண்ணினவன் குடுப்பான். நான் குடுக்க மாட்டேன்!”

“குடுக்காதீங்க. ரெண்டு பேரும் கிடந்து காயலாம்,” என்றாள் லாசரீனா.

கில்பர்ட் பொறுமையிழந்தான். “மன்னா, சாப்பிட முடியாதுன்னா வேணாம். சும்மா வந்து உக்காருங்க.”

“அதுவும் சரிதான். உக்காரலாமா, நீதிமானே?”

ஃப்ளான் மறுத்துத் தலையசைத்தார். “ஒருத்தர் வீட்டுல போய்ச் சாப்பிடாம உக்காந்தா, அவர்மேலயே வழக்குப் போட்டதா ஆயிடும், அரசே. பிரபுவுக்குப் பெரிய அவமானம்.”

“கேட்டியா தம்பி?” மன்னர் கையை விரித்தார். “உன் பிரபுவை நான் அவமானப்படுத்தலாமா? ஆர்ட்கல் குதிரையோட தயாரா நின்னான், பொண்டாட்டிதான் விடலைன்னு சொல்லு. இவ மனசு மாறின மறுநாளே வர்றேன்.”

கில்பர்ட் குதிரையில் ஏறினான். “பொண்டாட்டிக்குப் பயப்படுற ராஜாவை அடக்கவா எங்களுக்குக் கவசம்? இதைக் கேட்டா எங்க பிரபு ஒரு மாசம் சிரிப்பாரு.”

அவன் குதிரை ஆற்றில் இறங்கி அக்கரை ஏறும்வரை மன்னர் அசையவில்லை. பிறகு பிடரியிலிருந்து கையை எடுத்து, மெல்லச் சிரித்தார்.

“ஒரு மாசமெல்லாம் வேணாம். பத்து நாள் சிரிச்சாப் போதும். கதிரை அறுத்துக்கிட்டு, ஆடு மாட்டோட மலையேறிடலாம்.”

ஃப்ளானுக்கு அப்போதுதான் விளங்கியது. பொய் சொல்லத் தெரியாத தன் வாயைத்தான் மன்னர் இத்தனை நேரமும் சாட்சியாக நிறுத்தியிருந்தார்!

ஆர்ட்கல் உள்ளே போய், வெண்ணெய் தடவிய சூடான ஓட்ஸ் அடையுடன் வந்தார். மனைவியின் எதிரில் குந்தி அமர்ந்து, ஒரு துண்டு பிட்டு நீட்டினார்.

“எந்திரி, மகராசி. ‘ஏதாவது ஒரு குறையைத் தேடிப் பிடிச்சு வாசல்ல உக்காரு’ன்னு நேத்துச் சொன்னப்ப, இவ்வளவு ஜோரா நடிப்பேன்னு நினைக்கலை. உசிரைக் காப்பாத்திட்டே. சாப்பிடு.”

லாசரீனா அவர் தோளில் ஒட்டியிருந்த குதிரைமயிரைப் பரிவோடு தட்டிவிட்டாள். அடையை மட்டும் வாங்கவில்லை.

“நடிச்சது நீங்க. தேடச் சொன்னீங்க, எனக்குத் தேடவே வேண்டியிருக்கலை.”

மன்னர் திகைத்துப்போய் ஃப்ளானைப் பார்த்தார். ஃப்ளான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வழக்கு இன்னும் தீரலை, அரசே.”

அந்நியனின் விருந்திலிருந்து உயிர் தப்பிய மன்னர் ஆர்ட்கல், அடையைக் கீழே வைத்துவிட்டு, கொடுத்த மாட்டைத் திருப்பிக் கேட்பதற்காக, வசைபாடுவதில் நாடறிந்த அந்தப் புலவரின் வீட்டுக்கு வெறும் வயிற்றோடு கிளம்பினார்.