நாய் புதைத்த ரொட்டி

வேலியோரத்து மிளகுக்கொடியில் முற்றிய சரங்களை ராத்திரி யாரோ பறித்துப் போயிருக்கிறார்கள். காவலுக்கு வளர்க்கிற நாய் குரைக்கவே இல்லை. இப்போது மத்தியான வெயிலில், சடையன் போட்ட ரொட்டியை அது தின்னாமல் கொடியடியில் குழி பறித்து வைத்து, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடுகிறது. சடையன் நாயையே முறைத்துப் பார்க்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்துக் கணபதி சிரிக்கிறான்.

"காட்டுல திரிஞ்ச காலத்துப் புத்தி அண்ணே. வயிறு நெறஞ்சா மிச்சத்த நாளைக்குன்னு பொதைக்கும்."

"பசியோட கெடந்தாத்தான் முழிச்சிருக்கும்னு நேத்துலருந்து பட்டினி போட்டிருக்கேன்டா. வயிறு எப்படி நெறஞ்சிச்சு?"

சிரிப்பு நின்றுவிடுகிறது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே வேலிச் சந்தில் நுழைகிறது.

"சீ, போ!" என்று கணபதி காலை உதறுகிறான்.

நாய் அவன் காலடிப் புல்லை மிதித்து மிதித்து வட்டம் சுற்றி, பழகின இடம்போலச் சுருண்டு படுக்கிறது.