தடத்தில் வைத்த கல்

"பாருங்க சிஸ்டர், இன்னைக்கும் வச்சிருக்கான்! அதுவும் இன்னும் பெருசா!"

டிரைவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் நர்ஸின் மடியில் இருந்த தடுப்பூசிப் பெட்டி சரிந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மலைப்பாதையின் கடைசித் திருப்பம். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். பாதைக்கு நடுவில் தரையிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கும் பாறை. அதன் இரண்டு பக்கமும் சக்கரம் போகும் தடம். அந்தத் தடத்தில் இடதில் ஒன்று, வலதில் ஒன்று என இரண்டு கற்கள்.

"மூணு மாசமா இதே வேலை. ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கி என் முதுகெலும்பே கழண்டு போச்சு."

"மழையில உருண்டு வந்திருக்கும் அண்ணே."

"உருண்டு வர்ற கல்லு சரியா டயர் போற இடத்துல, ஜோடி போட்டுக்கிட்டா வந்து படுக்கும்? எல்லாம் அந்த டமாரோட வேலை!"

இதே ஆஸ்பத்திரி ஜீப்பை முன்பு ஓட்டியவருக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் அது. பின் அச்சின் நடுவில் குடம் மாதிரித் தொங்குமே டிஃபரன்ஷியல், அதை இந்தப் பாறையில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை மோதி உடைத்தவர். இரண்டாம் முறை உடைத்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீடும் இந்தத் திருப்பத்துக்கு மேலேதான் இருந்தது.

"வேலை போன வயித்தெரிச்சல் சிஸ்டர். என் கையாலயும் வண்டி உடையணும், எனக்கும் சீட்டு கிழியணும். நடக்குமா? மூணு மாசத்துல வண்டிக்கு அடியில ஒரு கீறல் உண்டா? மேனேஜரே கூப்பிட்டுக் கேட்டார், 'டிஃபரன்ஷியலுக்குக் கீழ இரும்புத் தகடு போட்டுத் தரட்டுமா, பாறை பட்டாலும் தாங்குமே'ன்னு. 'ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் சார் தகடு'ன்னு சொல்லிட்டேன். மனுஷன் அசந்துட்டார். அடுத்த வாரம் என்னை நிரந்தரம் பண்றாங்க."

இந்தக் கதையை நர்ஸ் இந்த வாரத்தில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறாள்.

"எப்பவும் கல்லு மேல ஏத்தித்தானே போறோம்? இன்னைக்கும் அப்படியே போயிடலாம். மேல குழந்தைங்க காத்துட்டிருக்கும்."

"முடியாது சிஸ்டர். பொறுத்துப் போகப் போக தலைமேல ஏறி உக்காந்துடுவான்."

இறங்கினான். நர்ஸும் கூடவே இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"நல்ல தட்டைக் கல்லா பார்த்துத்தான் வச்சிருக்கார். ஆடாம இருக்க அடியில சின்னக் கல்லு வேற முட்டுக் கொடுத்திருக்கு."

"கெடுக்கணும்னு நினைக்கிறவனுக்குப் பொறுமைக்கா குறைச்சல்?"

மூச்சு வாங்க இரண்டு கற்களையும் புரட்டிப் பள்ளத்தில் தள்ளினான். கையைத் தட்டிக்கொண்டு, ஏதோ பெரிய அநியாயத்தை ஒழித்துக்கட்டிய முகத்தோடு வண்டியைக் கிளப்பினான். முன்சக்கரங்கள் பாறையைத் தாண்டின.

"பார்த்தீங்களா, ஒரு குலுக்கல் உண்டா? எவ்வளவு சொகு..."

டமார்!

ஜீப்பின் பின்பக்கம் எம்பி நின்றுவிட்டது. டிரைவர் அடியில் தவழ்ந்து பார்த்தான். டிஃபரன்ஷியல் ஓடு விரிசல் விட்டு, பழுப்பு எண்ணெய் பாறைமேல் வழிந்துகொண்டிருந்தது. நிரந்தரம் என்ன, இருக்கிற வேலையே இனி இல்லை.

"எல்லாம் அந்தப் பாவியாலதான்! அவன் கல்லைப் புரட்டிப் புரட்டியே என் கையில பலம் போச்சு, ஸ்டியரிங் நிக்கலை!"

நர்ஸ் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பத்துக்கு மேலிருந்து பழைய டிரைவர் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். மார்போடு அணைத்தபடி ஒரு தட்டைக் கல்!

"வாய்யா வா! கையும் களவுமா மாட்டினியா?" டிரைவர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். "உனக்கு மனசாட்சி இருக்கா? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

"அண்ணே, கையை எடுங்க! வயசுல பெரியவர்!" நர்ஸ் அதட்டினாள்.

அவர் திமிறவில்லை. கல்லை மெல்லக் கீழே வைத்தார். வெறும் தடத்தைப் பார்த்தார். வழியும் எண்ணெயைப் பார்த்தார்.

"சத்தம் கேட்டதுமே பயந்தேன். நேத்து மழையில தடத்து மண்ணு கரைஞ்சு போச்சேன்னுதான் பெரிய கல்லா வச்சேன். அதுவும் நழுவிடுச்சா தம்பி?"

"நழுவலை. நான்தான் தூக்கி எறிஞ்சேன்!"

"ஐயோ, ஏன்? சக்கரம் அது மேல ஏறினாத்தானே வண்டி நாலு விரல் உசரும், டிஃபரன்ஷியல் பாறையில படாம தாண்டும்? தெரிஞ்சுதான் இத்தனை நாளா நீங்க மேல ஏத்திட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. மூன்று மாதம் கீறல் விழாத பெருமையில் தன் பங்கு எவ்வளவு என்று டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்களை வேலையை விட்டு அனுப்பினவங்க வண்டி," என்றாள் நர்ஸ். "அதுக்குப் போய் ஏன் கல்லு சுமக்கறீங்க?"

"முதல் தடவை உடைஞ்சப்பவே அடியில ஒரு தகடு போட்டுத் தாங்கன்னு ஆபீஸ்ல கெஞ்சினேம்மா. தரலை. அடுத்த தடவை என்னையே அனுப்பிட்டாங்க."

அவர் கீழே வைத்த கல்லின் மண்ணைத் துடைத்தபடி டிரைவரைப் பார்த்தார்.

"பாவம், இந்தத் தம்பியும் தகடு கேட்டிருக்கும், இதுக்கும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. அதான், கல்லையாவது வைப்போமேன்னு வச்சேன்."