கீச்சா, கிறீச்சா?

"கீச்... கீச்... கீச்!"

கார் ஒர்க்‌ஷாப்பின் வரவேற்பறையில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மழையில் தொப்பலாக நனைந்து நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், வெட்கம் பார்க்காமல் இன்னொரு தரம் கத்திக் காட்டினான். காரில் சத்தம் என்று அவன் இங்கே வந்து நிற்பது முதல் தடவை அல்ல.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள்.

"சார், எலி மாதிரி விட்டு விட்டுக் கத்தினா அது ஸ்க்வீக். பன்னிக்குட்டி மாதிரி இழுத்துக் கத்தினா ஸ்க்வீல். கம்ப்யூட்டர்ல ரெண்டுல ஒண்ணைத்தான் போட முடியும். உங்களுது எலியா, பன்னியா?"

"எதைப் போட்டா என்னங்க?"

"எலின்னா எண்ணெய் விட்டாப் போதும். பன்னின்னா பிரேக்கே தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

எலி என்றால் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "கிறீ...ச்!" என்று அடிவயிற்றிலிருந்து இழுத்தான். யாருடைய மடியிலோ இருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

"முன் சக்கரத்துலயா, பின் சக்கரத்துலயா?"

"அது... நடுவுலங்க."

அவள் சட்டென்று குனிந்து கீபோர்டில் எதையோ தட்டினாள்.

அதற்குள் தலைமை மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்துவிட்டார். "பிரேக் விஷயம் வெளையாட்டு இல்ல சார். வீடு எங்க? நானே வந்து வண்டியை எடுத்துட்டு வந்துடறேன்."

"இல்லண்ணே, மழை பெய்யுது..."

"அதுக்குத்தான் சொல்றேன். உசுரு போயிடும், கிளம்புங்க!"

அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நாளையிலிருந்து அவள் வேறு கிளைக்குப் போகிறாள். இன்றைக்காவது மனம்விட்டு நாலு வார்த்தை பேசிவிடலாம் என்றுதான் ஓடி வந்திருந்தான்.

"அண்ணே, நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்," என்றாள் அவள். "இது ஸ்க்வீக்தான்."

"அந்தக் கத்தலா? எலியா அது?"

"கொஞ்சம் பெரிய எலிண்ணே. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார். அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவன் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே பதிந்து கொடுத்தாள்.

"இனிமே என்ன சத்தம்னாலும் நேரா எனக்கே அடிங்க."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கண்டிப்பாங்க! கார்ல ஒரு சின்ன முனகல் கேட்டாக்கூட உடனே..."

குடையை விரித்து அவன் கையில் திணித்தபடி அவள் மெல்லக் கேட்டாள்:

"அது சரி, கார் எப்போ வாங்கப் போறீங்க?"