சந்தேகமில்லை, தெர்மோஸ்டாட்

உத்தனப்பள்ளியைத் தாண்டிய ஏற்றத்தில் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது.

சென்னகிருஷ்ணன் உடனே இறங்கவில்லை. முதலில் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். ராயக்கோட்டை வட்டாரத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அது ஓடினாலும் மரியாதை, நின்றாலும் மரியாதை.

"ஜமீரு, எறங்காத. சத்தத்த வெச்சே சொல்லிர்றேன்" என்று கண்களை மூடிக்கொண்டார்.

எஞ்சின் அணைந்து போயிருந்தது. ஆனாலும் அவர் உற்றுக் கேட்டார்.

டிரைவர் ஜமீர் அகமது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பணிவாகக் காத்திருந்தான்.

பின்சீட்டில் மனைவி ரங்கம்மா, தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பட்டுப்புடவையில் மகள் காவேரி. நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மத்திகிரியில் நிச்சயத் தட்டு மாற்றக் காத்திருந்த மாப்பிள்ளை, மாட்டுத் தீவன கான்ட்ராக்டர் கோவிந்தப்பன். காளையின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். தன் வயதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு மனைவிகளின் படங்கள் மாலையோடு தொங்கின.

"மூணாவது ஆணிக்கும் எடம் விட்டு வெச்சிருக்காரு" என்று ரங்கம்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"கார் வெச்சிருக்கறவன் கான்ட்ராக்டருக்குத்தான் பொண்ணு குடுப்பான்" என்று சென்னகிருஷ்ணன் முடித்துவிட்டார்.

சகுனத்தில் கோவிந்தப்பன் கறார். இன்று வெள்ளிக்கிழமை. ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாறவில்லையென்றால் இந்தச் சம்பந்தம் வேண்டாம், தேன்கனிக்கோட்டையில் இன்னொரு பெண் தயார் என்று முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

ஆகவே காரின் வியாதியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சென்னகிருஷ்ணன் இறங்கி ஃபேன் பெல்ட்டைப் பார்த்தார். அது முறுக்காகவே இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்து ரப்பர் குழாயை ஒரு விரலால் தொட்டார்.

"கொழாய்ல கோளாறில்ல" என்றார், விரலை வாயில் வைத்தபடி.

இனி மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். கப்பலேறும் முன் இந்தக் காரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போன பெங்களூர்த் துரை சொல்லிக் கொடுத்தது. வாங்கிய நாளிலிருந்து அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

"தெர்மோஸ்டாட்" என்றார் சென்னகிருஷ்ணன். "சந்தேகமே இல்ல."

ஜமீர் ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். உள்ளிருந்து பழுப்பாக, கெட்டியாக ஒன்று கொப்புளம் விட்டுக்கொண்டு மேலே வந்தது.

"துரு" என்றார் சென்னகிருஷ்ணன்.

"துருவேதானுங்க எஜமான்" என்றான் ஜமீர் அவசரமாக.

அவனுக்கு அவன் பயம். நேற்று சாயங்காலம் ரேடியேட்டரில் சின்ன ஒழுக்கு தெரிந்தது. லாரிக்காரர்கள் செய்வதுபோல ஒரு பிடி ராகி மாவை உள்ளே போட்டு அடைத்தது அவன்தான். மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ரங்கம்மாவிடம், "ஒரு புடிக்கு மேல போட்டா உள்ளயே வெந்து அடைச்சிக்கும்மா, வண்டி மேடு ஏறாது" என்று விளக்கம் வேறு சொல்லியிருந்தான். இப்போது, கை தவறிக் கூடப் போட்டுவிட்டோமோ என்று யோசித்தான்.

எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சாமி, நடுரோட்டுல களி கிண்டறீங்க? எறக்குங்க, அடி புடிச்சிரும்."

"யோவ், அது தெர்மோஸ்டாட்டு. ஒனக்கென்ன தெரியும், போய்யா."

"சரிங்க சாமி. தொட்டுக்க இன்னா?"

வண்டி போய்விட்டது. சென்னகிருஷ்ணன் துருவின் வகைகளைப் பற்றி ஜமீருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ஓசூர் பஸ் மேடேறி வந்து நின்றது. இடம் இருக்கிறது என்று கண்டக்டர் கையசைத்தான். ஏறினால் ராகு காலத்துக்கு முன்பே மத்திகிரி போய்விடலாம்.

ரங்கம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, பஸ்ஸுலயே போயிரலாங்க. கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டாவது போயிரலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன யோசனை எதையும் அவர் ஏற்றதில்லை. அதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்.

"கார்க்காரன் பஸ்ல போயி சம்பந்தி வீட்டு வாசல்ல எறங்கறதா? பேசாம உக்காரு."

ரங்கம்மா பேசாமல் உட்கார்ந்தாள். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று.

வெயில் ஏறியது. ராகு காலம் வந்தது. சென்னகிருஷ்ணன் அவ்வளவாகக் கலங்கியதாகத் தெரியவில்லை. சம்பந்தம் போனாலும் காரணம் கையில் இருந்தது. ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொல்லலாம்.

ரங்கம்மா புளியமர நிழலில் தூக்குப் பாத்திரத்தைப் பிரித்தாள். உள்ளே எலுமிச்சம்பழச் சோறு.

"காலையிலயும் களி இல்ல, இப்பவும் சோறுதானா?" என்றார் சென்னகிருஷ்ணன். "நேத்துதான ஒரு படி ராகி மாவு அரைச்சிட்டு வந்துச்சு?"

"தீந்து போச்சுங்க."

"ஒரே ராத்திரியிலயா?" என்றவர் ஒரு கவளத்தை வாயில் போட்டு, மூக்கைச் சுளித்தார். "இருந்தாலும் பாரு, களி வாசனையே மூக்குல நிக்குது."

ரங்கம்மா மகள் பக்கம் திரும்பினாள். காவேரி இரண்டாம் முறையாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.