சட்டியளவு வட்டம்

"குளம் முழுக்க உறைஞ்சு போச்சு, கௌரி. சுத்தியலாலை ஒரு போடு போடட்டோ?"

தவரத்தினத்தின் குரல் தொலைபேசியில் கேட்டபோது, கௌரி பாரிஸின் லா ஷப்பலில் கடைக் கதவைப் பாதி தூக்கியிருந்தாள்.

"கையை வையாதேங்கோ! நான் வாறன்."

கதவை மறுபடி கீழே இழுத்துப் பூட்டினாள். கூட வேலை செய்கிற பிலோமினாவுக்கு, 'இண்டைக்கு நீங்கள் திறவுங்கோ' என்று செய்தி அனுப்பிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

அந்த மனுசனை நம்ப முடியாது. பனிக்கட்டியில் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் இறங்கி, அடியில் அசையாமல் கிடக்கிற மீன்களைக் கொன்றுவிடும். மூடியபடியே விட்டாலோ, கெட்ட காற்று வெளியேற வழியில்லாமல் அவை செத்துப்போகும். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியைப் பனிக்கட்டிமேல் வைத்து, தானாக உருகி ஓட்டை விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு குளிர்காலமும் அவள் சொல்லிக்கொடுக்கிறாள். ஒவ்வொரு குளிர்காலமும் அவர் மறந்துபோகிறார்.

பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் இறங்கி, வழுக்குகிற நடைபாதையில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். படலையைத் திறந்து, பக்கத்து வழியால் நேரே குசினிக்குள் போனாள்.

அடுப்பில் தண்ணீர் தயாராகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய சட்டி. தவரத்தினம் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, காலில் வீட்டுச் செருப்போடு நின்றார்.

"தொப்பி போடத் தெரிஞ்சவருக்குச் சப்பாத்துப் போடத் தெரியேல்லையோ?"

"பதட்டத்திலை மறந்துபோனன்."

குளத்தை வெட்டியது அவர்கள் இருவரும்தான். கொரோனா அடைப்பில், மகன் லியோனில் மாட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போன ஒரு சித்திரை மாதத்தில், அவர் மண்வெட்டியை எடுத்தார். அவள் வாளியை எடுத்தாள். பேச ஒன்றுமில்லாததால் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டிவிட்டார்கள்.

பிறகு பதினொரு சிவப்பு மீன்கள் வந்தன. அதில் ஒன்று தொப்பை வைத்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஆறுதலாக, அசைந்து அசைந்து வரும். அதற்கு மேயர் என்று பெயர்.

கௌரி சட்டியைத் தூக்கிப்போய்ப் பனிக்கட்டிமேல் வைத்தாள். தவரத்தினம் ஒரு சாக்கை மடித்து, அவள் முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

பத்து நிமிடமாவது ஆகும் என்று நினைத்திருந்தாள். இரண்டே நிமிடத்தில் ஓட்டை விழுந்து, சட்டி ஒரு பக்கம் சரிந்தது. பாய்ந்து பிடித்தாள்.

ஓட்டைக்குள் தொலைபேசியின் வெளிச்சத்தை அடித்து எண்ணினார்கள். இரண்டு. ஐந்து. எட்டு. பத்து.

மேயரைக் காணவில்லை.

தவரத்தினம் அந்த ஈரத்திலேயே குப்புறப் படுத்துவிட்டார். அவர் தோள் அவள் தோளில் முட்டியது.

"போயிட்டாரோ?"

"பொறுங்கோ."

குளத்தடியில் கிடந்த தண்ணீர்ப் பம்பின் மறைவில் ஒரு கனத்த சிவப்பு நிழல். அது கல்லா மீனா என்று தெரியவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

வால் ஒருதரம் அசைந்தது. நித்திரையில் புரண்டு படுப்பதுபோல, மெதுவாக.

"இருக்கிறார்!" என்றார் தவரத்தினம். கௌரிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.

கழற்றிய கையால், சும்மா, ஓட்டையின் விளிம்பைத் தடவினாள்.

மற்ற இடமெல்லாம் பனிக்கட்டி மூன்று விரல் தடிப்பு. இங்கே மட்டும் அப்பளம்போல இருந்தது. அந்த அப்பளம் முடிந்து தடித்த பனிக்கட்டி தொடங்குகிற இடம், கவராயம் வைத்துக் கீறியதுபோல ஒரு வட்டம். சட்டியளவு வட்டம்.

விடியவே யாரோ இதே இடத்தில் இதே சட்டியை வைத்து, பொறுமையாக உருக்கியிருக்கிறார்கள். அதன்மேல்தான் பாலில் ஏடு படிவதுபோலப் புதிதாக ஒரு படை உறைந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தாள். தவரத்தினம் எழுந்து, சட்டி பிடிக்கிற துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை விரித்து மறுபடி மடித்தார்.

கௌரி கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்."

"கடையிலை பிலோமினா தனிய நிக்கிறா."

சொன்னாளே தவிர, குடித்தாள். இஞ்சி போட்ட தேநீர். குசினியில் நின்றபடியே, கடைசி மிடறுவரை குடித்தாள். படலைவரை அவர் கூட வந்தார். இப்போது சப்பாத்துப் போட்டிருந்தார்.

"நாளைக்கும் உறைஞ்சால் போன் பண்ணட்டோ?"

"ஓம், பண்ணுங்கோ."

ரயில் மேடையில் குளிர் காலுக்குள்ளால் ஏறியது. லா ஷப்பலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். கடைக்கு எதிரே ஐந்தாம் மாடியில் ஓர் அறை. மூன்று வருடமாக அதுதான் கௌரியின் வீடு. விவாகரத்துப் பத்திரத்தில் இரண்டு சட்டத்தரணிகளும் வீடும் காரும் அவருக்கு, தையல் மெஷின் அவளுக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதினார்கள். குளத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. இருவரும் வாய் திறக்கவுமில்லை.

தொலைபேசியை எடுத்து ஸ்தேனின் காலநிலையைப் பார்த்தாள். நாளைக்கு மைனஸ் ஐந்து. நாளை மறுநாள் மைனஸ் ஏழு.

வெள்ளிக்கிழமை குளிர் விட்டு, வெயில் எறிக்குமாம்.

அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.