பாலத்துக்கு அங்கிட்டு

பொழுது புலரும் முன்பே கார்த்திகா குப்பைச் சாக்கோடு வெள்ளாற்றுக்குள் நின்றாள். பாலத்தின் மேல் சைக்கிளில் போன பால்காரர் நாகராசு எட்டிப் பார்த்தார்.

“என்னத்தா, விடியுமுன்னேயே சுத்தம் பண்ண எறங்கிட்டியா? ஒன்னயப் பெத்தவ குடுத்து வச்சவ.”

“ஆமாண்ணே.”

சைக்கிள் மறைந்தது. கார்த்திகா சாக்கின் வாயை அவிழ்த்துத் தலைகீழாகக் கொட்டினாள்.

பாலத்துக்கு இங்கிட்டு அவள் பொறுப்பு, அங்கிட்டு நுஸைபா பொறுப்பு. ஆற்றைச் சுத்தம் செய்யக் கம்பெனி பணம் கொடுக்கும், ஊர் ஆள் கொடுக்கும் என்று பேச்சு. இன்று கம்பெனி டைரக்டர் எந்தப் பக்கம் வந்து இறங்குகிறாரோ, அந்தப் பக்கத்துக்காரிக்குத்தான் ஒருங்கிணைப்பாளர் வேலை.

நுஸைபாவுக்கு எதற்கு வேலை? அத்தா துபாயில் இருக்கிறார், வாசலில் ஸ்கூட்டி நிற்கிறது, வாயில் இங்கிலீஷ் கொட்டுகிறது. கம்பெனி அதிகாரி ரெங்கராஜ்கூட அவளைத்தான் ‘மேடம்’ என்பார். அதே காலேஜில் அதே டிகிரி முடித்த கார்த்திகா, வெறும் ‘ஏம்மா’. அவள் வீட்டில் அவளுக்கு முன் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை.

குப்பை லாரிக்காகத் தன் பக்கம் கட்டி வைத்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து அங்கிட்டுக் கவிழ்த்தாள்.

வெயில் ஏறியதும் கம்பெனி வேன் வந்தது. முதலில் ரிப்பன் கட்டிய புது மண்வெட்டி இறங்கியது, அப்புறம் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, அதற்கும் அப்புறம்தான் ரெங்கராஜ்.

நுஸைபா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “கார்த்தி, நேத்து சாயங்காலம் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சுடி. எந்தப் பாவி கொட்டுனான்னு தெரியல. ஒன் ஆளுகளக் கொஞ்சம் அனுப்பேன்.”

“எங்க பக்கம் கோலம் போடணும்டி. நீயே பாத்துக்க.”

நுஸைபா ரெங்கராஜிடம் திரும்பினாள். “சார், அரை மணி நேரம் குடுங்க. மொத்தத்தையும் அள்ளிடுறோம்.”

ரெங்கராஜ் பாலத்தின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு காகிதத்தக்கூடத் தொடாதீங்க மேடம். அப்படியே கெடக்கட்டும்.”

நுஸைபாவை டைரக்டரிடம் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்று கார்த்திகாவுக்கு மனசு குளிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், பந்தல எங்க பக்கமே போடச் சொல்லவா? ஒரு பாலித்தீன் பை கெடையாது. வந்து பாருங்க.”

“பாத்தேம்மா.” ரெங்கராஜ் ரிப்பன் மண்வெட்டியை நுஸைபாவின் கையில் கொடுத்தார்.

“அம்புட்டு சுத்தமா இருந்தா, எங்க டைரக்டர் எத அள்ளுவாரு?”